குடிபோதைத் தீர்ப்பும் பொலிஸ் விட்ட பிழையும்: ஒன்ராறியோவில் மேன்முறையீடு யாருக்குச் சரி?

ஒன்ராறியோவில் குடிபோதையில் வாகனம் ஓட்டிய வழக்கில் தண்டனை சொன்ன நாளிலிருந்து 30 நாள். அதற்குள் மேன்முறையீட்டு அறிவித்தல் மேல்நீதிமன்றத்துக்குப் போயிருக்க வேண்டும். அந்த 30 நாளும் வீட்டில் பெரும்பாலும் ஒரே கதைதான்: "பொலிஸ் செய்தது அநியாயம், சும்மா விடக்கூடாது." மறித்த விதம் பிழை, லோயரோடு கதைக்க விடவில்லை, விடியும்வரை செல்லுக்குள் வைத்திருந்தார்கள். இவற்றில் பல உண்மையாகவே நடந்திருக்கும். ஆனால் மேன்முறையீட்டு நீதிபதி இதிலிருந்து தொடங்கமாட்டார். இந்தப் பிழையை விசாரணை நீதிபதியிடம் எடுத்துச் சொன்னீர்களா, அவர் என்ன பதில் சொன்னார், அந்தப் பதிலில் சட்டப் பிழை உண்டா என்றுதான் பார்ப்பார். இது விளங்காமல் வீணாகக் காசு கொட்டுபவர்களும் உண்டு. கட்டாயம் மேன்முறையீடு செய்யவேண்டிய ஆள், "எல்லாம் முடிஞ்சுது" என்று அபராதத்தைக் கட்டிவிட்டு வருவதும் உண்டு.

தீர்ப்புக்குப் பிறகு இருக்கும் வழிகள் இவை: தீர்ப்பை ஏற்றுக்கொண்டு தண்டனையை முடிப்பது, குற்றத்தீர்ப்பையே எதிர்ப்பது, தண்டனையை மட்டும் எதிர்ப்பது, குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்தால் அந்த ஒப்புதலை மீளப்பெறக் கேட்பது. வழக்கை விட்டுவிட்டு பொலிஸ்மீது முறைப்பாடோ நட்டஈட்டு வழக்கோ போடுவது இன்னொன்று. கடைசியில் சொன்னதை மற்றவற்றோடு சேர்த்தும் செய்யலாம். ஆனால் அது தீர்ப்பை மாற்றாது.

ஏற்றுக்கொண்டு போனால் என்ன நடக்கும்

முதல் தடவை என்றால் குறைந்தபட்ச அபராதம் 1,000 டொலர். 100 மில்லிலீட்டர் இரத்தத்தில் மதுவின் அளவு 120 மில்லிகிராமுக்குப் போனால் 1,500, 160ஐத் தொட்டால் 2,000. பொலிஸார் கேட்டும் மூச்சுச் சோதனைக் கருவியில் ஊத மறுத்த குற்றத்துக்கும் 2,000. நீதிபதி விரும்பினாலும் பொதுவாக இதற்குக் கீழே போக முடியாது. இதோடு குறைந்தது ஒரு வருட ஓட்டத் தடை. இரண்டாவது தடவை பிடிபட்டால் குறைந்தது 30 நாள் சிறை, மூன்றாவது தடவை 120 நாள். இன்றைய தீர்ப்பை அப்படியே விட்டால் அது அந்த எண்ணிக்கையில் முதலாவதாக நிற்கும்.

லைசென்ஸ் விடயத்தில் ஒன்ராறியோவில் ஒரு சலுகை இருக்கிறது. முதல் தடவை மதுக் குற்றம் என்றால், வண்டியில் இன்டர்லொக் (ஊதிப் பார்த்து மது இல்லையென்றால்தான் வண்டியை ஸ்டார்ட் ஆகவிடும் கருவி) பூட்டச் சம்மதித்து முன்கூட்டியே ஓட்டத் தொடங்கலாம். சம்பவம் நடந்து 90 நாளுக்குள் குற்றத்தை ஒப்புக்கொண்டவருக்கு மூன்று மாத இடைநிறுத்தமும் ஒன்பது மாத இன்டர்லொக்கும். விசாரணை நடத்தித் தோற்றவருக்கு ஆறு மாத இடைநிறுத்தம், பன்னிரண்டு மாத இன்டர்லொக். கருவியின் மாதக் கட்டணமும் குடிபோதையில் ஓட்டியவர்களுக்கான "பாக் ஒன் ட்ராக்" வகுப்புச் செலவும் உங்கள் பொறுப்பு. இன்சூரன்ஸ்காரரின் பில்லைப் பார்க்கும்போது அபராதம் சின்னக் காசாகத் தெரியும்.

கனேடியக் குடியுரிமை உள்ளவருக்கு இது வலிக்கும், ஆனால் எப்போது முடியும் என்று கணக்குப் போடலாம். சுருக்க முறையில் (பாரதூரம் குறைந்த வழக்குகளுக்கான எளிய நடைமுறையில்) நடந்த வழக்கு என்றால், தண்டனை முழுவதும் முடிந்து ஐந்து வருடம் கழித்து, குற்றப் பதிவை ஒதுக்கிவைக்கும்படி பரோல் சபையிடம் விண்ணப்பிக்கலாம்.

பிஆர் (நிரந்தர வதிவிட உரிமை) வைத்திருப்பவருக்குக் கணக்கு வேறு. எங்கள் ஆக்களுக்குள் இதைத்தான் போதிய அளவு பேசுவதில்லை. 2018 டிசம்பர் 18 அன்று குடிபோதை ஓட்டத்துக்கான உச்ச தண்டனை ஐந்து வருடத்திலிருந்து பத்து வருடமாக உயர்ந்தது. குடிவரவுச் சட்டமோ, பத்து வருடம்வரை தண்டனை விதிக்கக்கூடிய குற்றம் எதையும் பாரதூரமான குற்றமாகவே எடுக்கிறது. உங்களுக்குக் கிடைத்தது ஆயிரம் டொலர் அபராதம் மட்டுமே என்பதும், வழக்கு சுருக்க முறையில் நடந்தது என்பதும் அங்கே எடுபடாது. சட்டம் பார்ப்பது உச்ச தண்டனையைத்தான். ஆகவே ஒரே ஒரு குடிபோதைத் தீர்ப்பு ஒரு பிஆர்காரரை நாட்டில் இருக்கத் தகுதியற்றவராக்கி, வெளியேற்ற நடவடிக்கைக்கு வாசல் திறந்துவிடலாம். ஆறு மாதத்துக்குக் குறைந்த தண்டனை என்றால் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போகும் உரிமை மிஞ்சும். அகதிப் பாதுகாப்புப் பெற்றவர்களுக்கு வேறு பாதுகாப்புகளும் உண்டு. இருந்தாலும் கடிதம் வீட்டுக்கு வந்தபிறகு ஓடித் திரிவதைவிட, அந்த 30 நாளுக்குள் யோசிப்பது மேல். குற்றத்தீர்ப்பு நீக்கப்பட்டு இறுதியாக விடுதலை கிடைத்தால், அந்தக் குற்றத்தை வைத்துக் குடிவரவுத் திணைக்களம் எதுவும் செய்ய முடியாது.

ஆகவே வழக்கு எவ்வளவு வலுவானது என்று கேட்பதற்கு முன்னரே, உங்கள் கையில் இருப்பது பாஸ்போர்ட்டா பிஆர் காட்டா என்று கேட்கவேண்டியிருக்கிறது.

தீர்ப்பை எதிர்ப்பது: பொலிஸ் பிழைக்கு என்ன பெறுமதி?

கனடாவில் பொலிஸார் உங்கள் சாசன உரிமையை (அரசியலமைப்பிலுள்ள உரிமைகள் சாசனம் தரும் உரிமையை) மீறினால் வழக்கு தானாகச் செத்துவிடும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி இல்லை. சாசனத்தின் 8ஆம் பிரிவு நியாயமற்ற சோதனைக்கும், 9ஆம் பிரிவு எழுந்தமானமான தடுத்துவைப்புக்கும் எதிரானது. 10ஆம் பிரிவு சட்டத்தரணியோடு பேசும் உரிமையைத் தருகிறது. மீறல் நடந்தது என்று நிறுவியபிறகும் 24(2) என்ற இரண்டாவது கதவு இருக்கிறது. அந்த மீறலால் கிடைத்த சாட்சியத்தை ஏற்றுக்கொண்டால் நீதி நிர்வாகத்துக்கு இழுக்கு வருமா என்று அங்கே பார்ப்பார்கள். உச்ச நீதிமன்றத்தின் 2009ஆம் ஆண்டு கிரான்ட் தீர்ப்பிலிருந்து இதற்கு மூன்று அளவுகோல்கள்: பொலிஸார் செய்தது எவ்வளவு பாரதூரம், உங்கள் உரிமை எவ்வளவு பாதிக்கப்பட்டது, வழக்கை அதன் உண்மையின்மீது தீர்ப்பதில் சமூகத்துக்கு எவ்வளவு அக்கறை. ஊதி எடுத்த அளவு நம்பகமான சாட்சியம். ஊதுவது உடலைப் பெரிதாகத் தொந்தரவு செய்வதுமில்லை. ஆகவே மூன்றாவது அளவுகோல் பெரும்பாலும் அரச தரப்பின் பக்கம் சாயும். முதலாவதும் இரண்டாவதும் நல்ல கனமாக இருந்தால்தான் தராசு மறுபக்கம் போகும்.

இது நடைமுறையில் எப்படி வரும் என்பதற்கு 2023 எஸ்.சி.சி. 8 என்ற இலக்கமுள்ள கனடா உச்ச நீதிமன்றத் தீர்ப்பைவிட நல்ல உதாரணம் இல்லை. 2016 மார்ச் மாதம், வட ஒன்ராறியோவில் தெஸலன் பகுதி, நள்ளிரவு தாண்டிய நேரம். ரோந்து போன பொலிஸார், பெட்ரோல் அடிக்கும் கடை வளாகமொன்றிலிருந்து ஒரு ஏடிவி (கரடுமுரடான தரையில் ஓடும் சிறிய திறந்த வண்டி) வெளியே வருவதைக் கண்டார்கள். ஓட்டத்தில் ஒரு குறையும் இல்லை. சும்மா மறித்து, குடித்திருக்கிறாரா என்று பார்ப்போம் என்று பின்னால் போனார்கள். அவர்கள் கிட்டப் போவதற்குள் வண்டி தெருவை விட்டு ஒரு தனியார் டிரைவ்வேக்குள் போய்விட்டது. அங்கேயே வைத்துப் பிடித்தார்கள். ஊதிய அளவு 120, 110.

விசாரணை நீதிபதி மீறல் எதுவும் இல்லை என்று குற்றவாளியாக்கினார். சுருக்க வழக்கு மேன்முறையீட்டில் அது கவிழ்ந்தது, விடுதலை கிடைத்தது. அரச தரப்பு ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போய்ப் பெரும்பான்மைத் தீர்ப்பில் தோற்றது. பிறகு உச்ச நீதிமன்றம். மறித்தது சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டம் தரும் எழுந்தமான மறிப்பு அதிகாரம் தெருவில் ஓட்டுபவரை மறிக்கத்தானே தவிர, டிரைவ்வேக்குள் போய் நிற்பவரை அங்கே வைத்து மறிக்க இல்லை என்றார்கள். உரிமை மீறப்பட்டது என்பதும் உறுதியானது. அதன்பிறகு அதே நீதிமன்றம் 24(2)இன் கீழ் ஊதிய அளவைச் சாட்சியமாக ஏற்று, குற்றத்தீர்ப்பை மீண்டும் நிலைநிறுத்தியது. ஏழு வருடம், நான்கு நீதிமன்றம், சட்டக் கேள்வியில் வெற்றி, வழக்கில் தோல்வி.

இதைக் காட்டி "பார்த்தீர்களா, மேன்முறையீடு வீண்" என்று சொல்லும் சட்டத்தரணிகளும் இருப்பார்கள். நான் அப்படி வாசிக்கவில்லை. அந்த வழக்கில் பொலிஸாரின் பிழை பெரிதாக எடுக்கப்படாததற்கு ஒரு காரணம், அந்த நேரத்தில் சட்டம் தெளிவில்லாமல் இருந்ததுதான். அவர்கள் வேண்டுமென்று வரம்பு மீறவில்லை என்றே நீதிமன்றம் பார்த்தது. 2023 மார்ச்சுக்குப் பிறகு டிரைவ்வேக்குள் வந்து காரணமில்லாமல் மறிக்கும் பொலிஸ்காரருக்கு அந்தச் சாட்டு இல்லை. உச்ச நீதிமன்றமே சட்டவிரோதம் என்று சொன்னதைத் திரும்பச் செய்தால், முதலாவது அளவுகோலில் அது கனமாக விழும். ஸ்காபரோவிலோ மார்க்கத்திலோ சொந்த வீட்டு டிரைவ்வேயில் வைத்துப் பிடிபட்டவர், தன் வழக்கின் திகதியைப் பார்ப்பது நல்லது. ஆனால் ஒன்று: தெருவிலேயே சிவப்பு நீல விளக்குப் போட்டபிறகு நீங்கள் டிரைவ்வேக்குள் திருப்பியிருந்தால் அது வேறு கதை. மறிப்பு தெருவிலேயே தொடங்கிவிட்டது என்பார்கள்.

தெருவில் வைத்து மறித்தவர்கள் அதிகம் சொல்லும் முறைப்பாடு, "நான் நேராகத்தான் ஓட்டினேன், ஏன் மறித்தார்கள்?" என்பது. இதற்கு மேன்முறையீட்டில் பெறுமதி கிட்டத்தட்ட இல்லை. எழுந்தமானமாக மறிப்பது 9ஆம் பிரிவை மீறினாலும், தெருப் பாதுகாப்புக்காக அது நியாயமான வரையறைதான் என்று 1988இலும் 1990இலும் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2018 டிசம்பர் முதல், சட்டப்படி மறித்த எவரையும் சந்தேகம் எதுவும் இல்லாமலே ஊதச் சொல்லலாம். வீதியோரத்தில் ஊதுவதற்கு முன் சட்டத்தரணியோடு பேசவும் உரிமை இல்லை.

ஆனால் அந்த அதிகாரத்துக்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது: ஊதும் கருவி பொலிஸ்காரரின் கையோடு இருக்க வேண்டும். இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டியது 2023 எஸ்.சி.சி. 9. கியூபெக் நகரில் 2017இல் நடந்தது. கருவி இல்லாமலே பொலிஸ்காரர் ஊதச் சொல்லிவிட்டு, கருவியைக் கொண்டுவரச் சொல்லிக் கேட்டார். ஓட்டுநர் மறுத்தார். மறுத்த குற்றத்துக்குத் தண்டனை கிடைத்தது. உச்ச நீதிமன்றம்வரை போன இந்த வழக்கில், உடனடியாக ஊத வைக்க முடியாத நிலையில் இட்ட கட்டளை செல்லாது, செல்லாத கட்டளையை மறுப்பது குற்றமில்லை என்று, இடையில் மேன்முறையீட்டில் கிடைத்திருந்த விடுதலை உறுதியானது.

அடுத்தடுத்த இலக்கமுள்ள இந்த இரண்டு தீர்ப்புகளும் ஒரு மாத இடைவெளிக்குள் வந்தவை. முடிவு மட்டும் ஏன் எதிரெதிர்? ஊதியவரின் வழக்கில் பொலிஸ் பிழை சாட்சியத்தைத் தள்ளிவைக்கும் ஒரு காரணம் மட்டுமே. அது 24(2) தராசில் ஏற வேண்டும். ஊத மறுத்தவரின் வழக்கில், பொலிஸ் கட்டளை செல்லாது என்றால் குற்றமே இல்லாமல் போகிறது. அங்கே தராசுக்கு வேலை இல்லை. (மறுத்துவிடுவது நல்லது என்று இதை யாரும் விளங்கிக்கொள்ளக் கூடாது. கட்டளை செல்லுமா செல்லாதா என்று வீதியோரத்தில் நின்று கணிக்க சட்டத்தரணியாலேயே முடியாது. கணிப்புப் பிழைத்தால் அபராதம் நேரே 2,000.) ஆனால் ஏற்கெனவே மறுத்து, அதற்காகத் தீர்ப்பும் வாங்கியவர் தன் வழக்கை இந்தக் கண்ணால் ஒருதரம் பார்க்கத்தான் வேண்டும்.

பொலிஸ் நிலையத்துக்குப் போனபிறகு நிலைமை மாறுகிறது. அங்கே பெரிய மெஷினில் ஊதுவதற்கு முன் சட்டத்தரணியோடு தனிமையில் பேச உரிமை உண்டு. விரும்பிய சட்டத்தரணியைத் தேட நியாயமான நேரம் தர வேண்டும். எங்கள் ஆக்களுக்கு முக்கியமானது மொழி. ஆங்கிலம் சரியாக விளங்காது என்பதற்கு அறிகுறிகள் இருந்தால், கார்ட்டில் உள்ளதை வாசித்துவிட்டு "விளங்கினதா?" என்று கேட்பது போதாது. உரிமை உண்மையில் விளங்கியதா என்று பொலிஸார் உறுதிப்படுத்த வேண்டும் என்பது ஒன்ராறியோவில் 1980களிலிருந்தே உள்ள சட்டம். மொழிபெயர்ப்பாளரோடு இலவச சட்டத்தரணி கிடைக்கும் என்பதைக்கூடச் சொல்லாமல் விட்டிருந்தால் அது வாதம். ஆனால் சாட்சி உங்கள் நினைவு அல்ல, வீடியோ. ஊதும் அறையில் கமரா ஓடிக்கொண்டிருக்கும். அதில் நீங்கள் இருபது நிமிடம் சரளமாக ஆங்கிலத்தில் ஹொக்கி கதைத்திருந்தால் அந்த வாதத்தைத் தொடாமலிருப்பது நல்லது.

ஊதியதற்குப் பிறகு நடந்தவை, அதாவது மணிக்கணக்கில் செல்லுக்குள் வைத்தது, போனைத் தராதது, மரியாதையில்லாமல் கதைத்தது எல்லாம் மனதை அதிகம் வதைக்கும். தீர்ப்பை மாற்றுவதில் பொதுவாக மிகக் குறைவாகவே உதவும். சாட்சியம் அதற்கு முன்னரே எடுக்கப்பட்டுவிட்டது. உடையைக் களையவைத்துச் சோதனை செய்ததுபோல் பாரதூரமானது எதுவும் நடந்திருந்தால் அதைத் தனியாகப் பார்ப்பார்கள்.

இன ரீதியாகக் குறிவைத்து மறித்தார்கள் என்ற வாதத்துக்கு ரொறன்ரோவிலேயே ஒரு பெரிய வழக்கு இருக்கிறது. ராப்டர்ஸ் அணியின் கூடைப்பந்து வீரர் டீ பிரவுன், டொன் வலி பாக்வேயில் 1999இல் மறிக்கப்பட்டு, அளவுக்கு மேல் குடித்து ஓட்டியதாகத் தீர்ப்பானவர். விலையுயர்ந்த வண்டியை ஓட்டிய கறுப்பின இளைஞர் என்பதால்தான் மறித்தார்கள் என்று அவர் தரப்பு வாதிட்டது. விசாரணை நீதிபதி அந்த வாதத்தை நடத்திய விதமே பிரச்சினையானது. பொலிஸ்காரரிடம் மன்னிப்புக் கேட்கலாமே என்ற அளவுக்கு அவர் போனார். மேல்நீதிமன்றம் தீர்ப்பை நீக்கியது. 2003இல் ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்து, புதிய விசாரணைக்கு விட்டது. கவனிக்கவேண்டியது, அவர் வென்றது "பொலிஸ் இனவாதம் காட்டினார்" என்று நிரூபித்து அல்ல. அந்த வாதத்தை நீதிபதி திறந்த மனதோடு கேட்கவில்லை என்ற தோற்றம் இருந்ததால்தான் வென்றார். மேன்முறையீடு என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் துல்லியமான பாடம் கிடையாது.

ஆகவே விசாரணையில் என்ன நடந்தது என்பதைப் பொறுத்து உங்கள் வாய்ப்பு மாறும். மீறலே இல்லை என்று நீதிபதி சட்டத்தைப் பிழையாக விளங்கிச் சொல்லியிருந்தால், நிலைமை நல்லது: மேல்நீதிமன்றம் அந்தச் சட்டக் கேள்வியைப் புதிதாகப் பார்க்கும், 24(2) தராசையும் தானே பிடிக்கும். மீறல் உண்டு, ஆனாலும் சாட்சியத்தை ஏற்கிறேன் என்று காரணங்களோடு எழுதியிருந்தால் அதைக் கவிழ்ப்பது கடினம். "பொலிஸ்காரரை நம்புகிறேன், உங்களை நம்பவில்லை" என்பதே அடிப்படை என்றால், பெரும்பாலும் காசை வைத்துக்கொண்டு வீட்டிலிருக்கலாம். யார் சொல்வது உண்மை என்று மேல்நீதிமன்றம் திரும்ப விசாரிப்பதில்லை. சாசன வாதத்தை விசாரணையில் எழுப்பவேயில்லை என்றால் மேன்முறையீட்டில் முதல்தடவையாக எழுப்ப அநேகமாக விடமாட்டார்கள். பழைய சட்டத்தரணி கவனக்குறைவாக விட்டுவிட்டார் என்று நிறுவலாம். ஆனால் அது சத்தியக்கடதாசி, பழைய சட்டத்தரணியின் பதில் என்று தனியே ஒரு குட்டி வழக்கு.

தண்டனையை மட்டும் எதிர்ப்பது

இதில் அதிகம் சொல்ல இல்லை. 2010 எஸ்.சி.சி. 6இல், அல்பேட்டாவில் குடித்துவிட்டு ஓட்டிப் பிடிபட்டவரைப் பொலிஸார் அடித்து, விலா எலும்பு முறிந்து நுரையீரலும் பாதிக்கப்பட்டது. தண்டனையைத் தீர்மானிக்கும்போது பொலிஸாரின் நடத்தையைக் கணக்கில் எடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால் விசாரணை நீதிபதி கொடுத்த நிபந்தனை விடுவிப்பு (குற்றத்தீர்ப்பைப் பதியாமல் நிபந்தனையோடு விடுவது) நிலைக்கவில்லை, சட்டம் சொன்ன குறைந்தபட்ச அபராதத்துக்குக் கீழே இறங்க முடியாது என்றது. எலும்பு முறிந்தவருக்கே இவ்வளவுதான். முதல் தடவையில் குறைந்தபட்சத் தண்டனையே கிடைத்தவருக்கு இந்த வழியால் ஒன்றும் ஆகாது. சிறைத்தண்டனையோ நீண்ட ஓட்டத் தடையோ கிடைத்தவர் மட்டும் யோசிக்கலாம்.

ஒப்புக்கொண்டுவிட்டேனே!

"குற்றத்தை ஒப்புக்கொண்டால் கெதியாக முடியும், இன்டர்லொக்கும் வேளைக்குக் கிடைக்கும்" என்று சொல்ல, தலையாட்டிவிட்டு வந்த பிஆர்காரர்களுக்கான வழி இது. ஒப்புக்கொண்டவர் பொலிஸ் மறித்த விதத்தைப் பிறகு எதிர்க்க முடியாது. முதலில் ஒப்புதலையே உடைக்க வேண்டும். 2018 எஸ்.சி.சி. 25 தீர்ப்பின்படி, குடிவரவு விளைவு தெரியாமல் ஒப்புக்கொண்டவர் அதை மீளப்பெறக் கேட்கலாம். ஆனால் தெரியாது என்று சொன்னால் மட்டும் போதாது. தெரிந்திருந்தால் அப்போது ஒப்புக்கொண்டிருக்கவே மாட்டேன், அல்லது வேறு நிபந்தனையில்தான் ஒப்புக்கொண்டிருப்பேன் என்று நீதிமன்றம் நம்ப வேண்டும். அந்த வழக்கில் கேட்டவருக்கே அது கிடைக்கவில்லை, ஏனெனில் அப்படி அவர் சத்தியக்கடதாசியில் சொல்லவில்லை. அன்றைக்கே குடும்பம், பிள்ளைகள், நாட்டில் இருப்பது பற்றி நீங்கள் கவலைப்பட்டதற்கு அடையாளங்கள் இருந்தால், பழைய சட்டத்தரணியோடு பரிமாறிய மின்னஞ்சலும் குறுஞ்செய்தியும் உட்பட, ஒன்றையும் அழிக்காதீர்கள்.

பிஆர்காரருக்கு மேலே சொன்ன வழிகளில் இதுதான் பல வேளைகளில் பொருத்தமானது என்பது என் அபிப்பிராயம். பொலிஸ்மீதான கோபத்தில் இதைக் கவனிக்காமல் விடுவதுதான் ஆபத்து.

முறைப்பாடும் நட்டஈடும்

2024 ஏப்ரல் முதல் ஒன்ராறியோவில் பொலிஸ் மீதான பொதுமக்கள் முறைப்பாடுகளை லீகா என்ற முகமை எடுக்கிறது. முன்பு ஓஐபிஆர்டி என்றிருந்தது. சம்பவம் நடந்து ஆறு மாதத்துக்குள் கொடுப்பது நல்லது. காசு செலவில்லை, சட்டத்தரணியும் தேவையில்லை. பொலிஸ்காரருக்கு ஒழுங்கு நடவடிக்கை வரலாம். உங்கள் லைசென்சுக்கும் குற்றப் பதிவுக்கும் அதனால் ஒன்றும் நடக்காது. மேன்முறையீடு செய்ய நினைப்பவர் முறைப்பாட்டை எழுதமுன் சட்டத்தரணியிடம் காட்ட வேண்டும். புதிய விசாரணை கிடைத்தால், நீங்கள் அதில் எழுதிய ஒவ்வொரு வரியையும் அரச தரப்பு குறுக்கு விசாரணையில் தூக்கிக் காட்டக்கூடும்.

நட்டஈட்டுக்கு ஒரு அளவு சொல்கிறேன். வான்கூவரில் 2002இல் பிரதமர் கிரெச்சியன் மேல் பை எறியப் போகிறார் என்று தவறாகச் சந்தேகித்து ஒரு சட்டத்தரணியைப் பிடித்து உடை களைந்து சோதனை செய்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய் 2010இல் முடிந்தபோது, சாசன மீறலுக்குக் கிடைத்த நட்டஈடு 5,000 டொலர். எந்தக் குற்றமும் செய்யாதவருக்கே இவ்வளவு. குற்றத்தீர்ப்பு நிற்கும்போது, பொலிஸ் என்னைப் பிழையாகப் பிடித்தார்கள் என்று சிவில் நீதிமன்றத்தில் திரும்பச் சண்டை பிடிக்கவும் விடமாட்டார்கள். காயம் பட்டவர்கள் தவிர மற்றவர்களுக்கு இதை நான் சொல்லமாட்டேன்.

காசும் காலமும்

மேன்முறையீட்டின் பெரிய செலவுகளில் ஒன்று பலருக்குப் பிறகுதான் தெரியவரும்: விசாரணையில் பேசியதெல்லாம் எழுத்துப் பிரதியாக வேண்டும், அதற்குரிய காசை நீங்கள்தான் கட்ட வேண்டும். சாசன வாதம் மூன்று நாள் நடந்திருந்தால் மூன்று நாள் பிரதி. அதன் பிறகுதான் சட்டத்தரணியின் எழுத்து வாதமும் வாய் வாதமும். லீகல் எய்ட் கிடைக்குமா என்பது வருமானத்தையும் வழக்கின் வலுவையும் பொறுத்தது. கேட்டுப் பார்ப்பதில் நட்டமில்லை. டிக்கெட் வழக்குப் பார்க்கும் பராலீகலிடம் (சின்ன வழக்குகளில் மட்டும் தோன்ற அனுமதி உள்ளவர், சட்டத்தரணி அல்ல) இதைக் கொண்டுபோகாதீர்கள். மேல்நீதிமன்றத்தில் குற்ற வழக்கு மேன்முறையீட்டுக்கு அவர்கள் தோன்ற முடியாது. குடிவரவுக் கேள்வி இருந்தால் குற்றவியல் சட்டத்தரணி, குடிவரவுச் சட்டத்தரணி என்று இரண்டு பேரிடமும் ஒரே கிழமைக்குள் பேச வேண்டும்.

மேன்முறையீடு முடியும்வரை ஓட்டத் தடையை நிறுத்திவைக்கும்படி குற்றவியல் சட்டத்தின் 320.25ஆம் பிரிவின் கீழ் கேட்கலாம். தானாக நிற்காது, தனி விண்ணப்பம் போட வேண்டும். மாகாணத்தின் லைசென்ஸ் இடைநிறுத்தம் வேறு சட்டத்தின் கீழ் வருவதால் அதற்கும் சேர்த்துக் கேட்கும்படி சட்டத்தரணிக்குச் சொல்லுங்கள். ட்ரக், டாக்சி, டெலிவரி என்று ஓட்டிப் பிழைப்பவருக்கு இந்த ஒரு விண்ணப்பத்துக்காகவே மேன்முறையீடு கவர்ச்சியாகத் தெரியும். ஆனால் தடை நிறுத்திவைக்கப்பட்டால் அது தள்ளிப்போகிறதே தவிர அழிவதில்லை. ஒரு வருடம் கழித்துத் தோற்றால் அன்றைக்குத்தான் தடை ஓடத் தொடங்கும். அதற்குள் ஏற்றுக்கொண்டு போனவர் இன்டர்லொக்கோடு ஓடத் தொடங்கி, வேலையையும் பிடித்திருப்பார். வென்றாலும் முழு விடுதலை நிச்சயமில்லை, புதிய விசாரணை என்று திருப்பி அனுப்பலாம். அரச தரப்பு சட்டக் கேள்வி ஒன்றைப் பிடித்து மேலே போகலாம் என்பதைத் தெஸலன்காரர் அனுபவித்துப் பார்த்துவிட்டார்.

குடியுரிமை உள்ள, முதல் தடவை பிடிபட்ட, நீதிபதி நம்பாத ஒரு ஆளுக்கு நான் சொல்வது ஏற்றுக்கொண்டு இன்டர்லொக்கைப் பூட்டச் சொல்லித்தான். டிரைவ்வேயில் பிடிபட்டவர், கருவி வரும்வரை தெருவில் காக்கவைக்கப்பட்டவர், மொழி விளங்காமலே ஊதவைக்கப்பட்டவர் ஆகியோர், விசாரணையில் அந்த வாதத்தை வைத்து நீதிபதி மீறலே இல்லை என்று தள்ளியிருந்தால், சட்டத்தரணியிடம் அந்தத் தீர்ப்பின் காரணங்களை மட்டும் முதலில் வாசிக்கக் கொடுத்து அபிப்பிராயம் கேட்கட்டும். முழு மேன்முறையீட்டுக்கு முன்பணம் கட்டுவதைவிட இது பலமடங்கு மலிவு. பிஆர் வைத்திருப்பவர், வழக்கு எவ்வளவு பலவீனமாகத் தெரிந்தாலும், 30 நாளுக்குள் அறிவித்தலைக் கொடுத்துவிட்டு யோசிக்கலாம். கொடுத்த மேன்முறையீட்டைப் பிறகு கைவிட முடியும். நாள் தப்பிப் போனால், ஏன் பிந்தியது, ஆரம்பத்திலிருந்தே எண்ணம் இருந்ததா, வழக்கில் ஏதாவது வலு உண்டா என்று மூன்றுக்கும் நீதிபதியிடம் பதில் சொல்லித்தான் கால நீடிப்பு வாங்க வேண்டும்.